வெறுங்கையோடு வரும் மச்சாள்

நோயில் கிடக்கிற வருத்தக்காரரைப் பார்க்கப் போகும்போது எங்கள் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். ஒரு பால்மாப் பக்கற், இரண்டு அப்பிள், ஒன்றும் கிடைக்காவிட்டால் ஒரு பிஸ்கட் பக்கற். அதோடு ஒரு சாவுக்கதையும் கொண்டுபோவார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, "இதே வருத்தம்தான் எங்கடை அயலிலையும் ஒருத்தருக்கு வந்தது. திங்கக்கிழமை நல்லாக் கதைச்சவர். புதன்கிழமை எல்லாம் முடிஞ்சுது" என்பார்கள். கெட்ட எண்ணம் இல்லை. உனக்கு மட்டும் வந்த வருத்தம் இல்லை என்று ஆறுதல் சொல்வதாகத்தான் அவர்களுக்கு நினைப்பு.

என் மனைவியின் அக்கா மட்டும் வெறுங்கையோடு போவார். எனக்கு அவர் மச்சாள். வட்டக்கச்சியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி அவருடைய வீடு. இப்போது மகளோடு கனடாவில் இருக்கிறார். பெயரை இதில் எழுதினால் அங்கிருந்து போன் எடுத்து ஏசுவார். ஆகவே மச்சாள் என்றே விட்டுவிடுகிறேன்.

மச்சாள் கதிரையில் இருக்க மாட்டார். வருத்தக்காரரின் காலைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுக் கட்டில் விளிம்பிலேயே இருப்பார். பிறகு ஏதாவது சொல்லத் தொடங்குவார். இதோ பகிடி சொல்கிறேன் என்று முன்கூட்டி அறிவித்து வருகிற பகிடி இல்லை. சந்தையில் கண்டது, பஸ்ஸில் கேட்டது, தன் வீட்டுச் சேவல் செய்த அநியாயம். சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒன்றும் இருக்காது. கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுக்கிறவரின் முகம் அது. கேட்கிறவர் சிரித்ததும் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கவனிப்பார்.

"உது பல்லுச் சிரிப்பு. பல்லாலை சிரிச்சாப் பல்லுக்குத்தான் சுகம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கதையை எடுப்பார்.

அவருடைய கணக்கில் பல்லுக்கு அடுத்தது தொண்டைச் சிரிப்பு. அதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார். வயிறு குலுங்கி, வருத்தக்காரர் கட்டில் சட்டத்தைப் பிடித்தால்தான் எழும்பி, "சரி, நான் வாறன்" என்று சேலையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். தேத்தண்ணிக்கும் நிற்க மாட்டார். "அக்கா வந்தா, இருந்தா, போனா. ஒரு வாழைப்பழம்கூடக் கொண்டரேல்லை" என்று சில வீடுகளில் முணுமுணுத்தது எங்கள் காதுக்கும் வந்தது. என் மனைவிக்கு வெட்கம். மச்சாளுக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் சிரிப்பை அவர் பெரிய வைத்தியமாக்கிக் கதைத்ததும் இல்லை. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர், "சிரிச்சாப் பிறசர் குறையுமாமே. அப்ப நான் குளிசையை நிப்பாட்டட்டே?" என்று கேட்டார். மச்சாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். "குளிசையைப் போட்டிட்டுச் சிரியுங்கோ. சிரிப்பென்ன டொக்டருக்குப் படிச்சதே?"

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஓர் உழவு இயந்திரமும் அதன் பின்னால் இழுக்கிற பெட்டியும் வைத்து வயல் உழுது, நெல் மூட்டை, கல், மண் ஏற்றிப் பிழைக்கிறேன். பயம் எனக்குப் பிறவிக்குணம். வெளிக்கிட்டால் டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும். நூறு யார் போனதும் நிறுத்தி இன்னொருதரம் தட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரியிடம் அடுப்பை அணைத்தாயா என்று நான் கேட்காத நாள் கிடையாது. மச்சாள் என்னை ஊர்முழுக்க விற்றிருக்கிறார். "இவர் நித்திரை கொள்ளேக்கையும் ஒரு கண்ணைத் திறந்து, மூச்சு வருதோ எண்டு பாத்திட்டுத்தான் மற்றப் பக்கம் திரும்புறவர்." எங்கள் முறையில் மச்சாளுக்குப் பகிடி பண்ண உரிமை இருக்கிறது. திருப்பிச் சொல்ல எனக்கும் உரிமை இருந்தது. எனக்குத்தான் அந்த நேரத்தில் ஒன்றும் வராது. அடுத்த நாள் உழவு மெசின் ஓட்டும்போதுதான் நல்ல பதில் வரும்.

மச்சாள் கூலிக்குக் களை பிடுங்கப் போன காலம் ஒன்று இருந்தது. கச்சான் தோட்டத்தில், நிலக்கடலைச் செடிகளுக்கிடையே, பதினைந்து இருபது பெண்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி மச்சாளை நடுவில் விடுவார்கள். ஒருநாள் தோட்டக்காரருக்குப் பொறுக்கவில்லை. "உங்களைக் களை பிடுங்கக் கூப்பிட்டனானோ, நாடகம் போடக் கூப்பிட்டனானோ?" என்று கத்தினார். மச்சாள் வாயை மூடிக்கொண்டார். முழு வரிசையும் மூடிக்கொண்டது. பத்து மணிக்கு ஒருத்தி நாரி நோகிறது என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பதினொரு மணிக்கு இன்னொருத்தி தலையிடி என்று மர நிழலுக்குப் போனாள். மதியம் மூன்று பேர் வீட்டுக்கு வெளிக்கிட்டார்கள். பின்னேரம் தோட்டக்காரரே வரம்பில் வந்து நின்று, "அக்கா, எதையாவது கதையுங்கோவன்" என்றாராம். மச்சாள், "நாடகத்துக்குத் தனிச் சம்பளம்" என்றாராம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் பிழைவிட்ட இடத்தைச் சொல்லாவிட்டால் சரியில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வயதானவருக்குக் கால் முறிந்து கட்டுப்போட்டிருந்தது. மச்சாள் போய், வழமைபோல வயிறு குலுங்கும்வரை விடவில்லை. அவருக்கு இழுப்பு இருந்தது மச்சாளுக்குத் தெரியாது. சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, மூச்சு விசில் மாதிரிக் கத்தத் தொடங்கியது. என்னுடைய மெசின் பெட்டியில்தான் பாயை விரித்து ஏற்றினோம். ஆசுப்பத்திரியில் மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகையை இழுக்கவைத்து ஆளைச் சரிப்படுத்தினார்கள். அவருடைய மகள் வாசலில் நின்று, "இனி எங்கடை படலைக்குள்ளை காலெடுத்து வைக்கக்கூடாது" என்று மச்சாளுக்குச் சொன்னதை நான் கேட்டேன். இரண்டு மூன்று மாதம் அவர் எந்த வருத்தக்காரரையும் பார்க்கப் போகவில்லை. பிறகு போகத் தொடங்கினார். ஆனால் கட்டிலில் இருக்கமுன் முதல் கேள்வி, "இழுப்பு இருக்கோ?" என்பதுதான். கால் வெட்டுப்பட்டுக் கிடக்கிறவரிடமும் அதைத்தான் கேட்பார். ஆட்கள் விளங்காமல் முழிப்பார்கள்.

என்னுடைய முறை வந்தது பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்.

வயிற்றின் வலப்பக்கம் நோவு. சொன்னால் வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் இரண்டு நாள் ஒளித்தேன். மூன்றாம் நாள் குடல்வால் உள்ளே வெடித்துவிட்டது. கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய், வயிற்றைத் திறந்து, கழுவித் தைத்தார்கள். கண் விழித்தபோது தொப்புளுக்கு மேலிருந்து கீழே வரை பிளாஸ்ரர். எத்தனை தையல் என்று கேட்டேன். தாதி சொன்ன எண்ணைக் கேட்டதிலிருந்து நான் அசையவில்லை.

டொக்டர் சொன்னது சின்ன விசயம். "நல்லா மூச்சை உள்ளே இழுக்க வேணும். மணிக்கொருதரம் இரும வேணும். இல்லாட்டிச் சளி அடி நெஞ்சிலை தங்கி நியூமோனியா ஆகும்." தாதி ஒரு தலையணையை வயிற்றின்மேல் வைத்து, இரண்டு கையாலும் அமத்திப்பிடித்து இருமச் சொல்லிக் காட்டினார். எனக்கு அந்தத் தையல்கள் சாக்குத் தையல் மாதிரித்தான் மனதில் தெரிந்தன. மூட்டை ஏற்றிப் பழகியவனுக்கு, ஒரு நூல் விட்டால் முழு மூட்டையும் எப்படிக் கொட்டும் என்று தெரியும். தாதி கேட்கிற நேரம் தொண்டையை மட்டும் கனைத்துக் காட்டுவேன். "இருமினனீங்களோ?" "ஓம் மிஸ்." மூச்சையும் மேலாலேயே எடுத்து மேலாலேயே விட்டேன்.

வெட்டி மூன்றாம் நாள் காய்ச்சல் பிடித்தது. நெஞ்சுப்படம் எடுத்தார்கள். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் கதைத்தார். "வலப்பக்கம் கீழ்ப்பகுதிக்குக் காத்துப் போகுதில்லை. மருந்து ஏத்துறம். ஆனால் இவர் இருமித் துப்பாட்டி மருந்து மட்டும் காணாது. நாளைக்கும் இப்பிடியே இருந்தால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டிவரும்." மனைவி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "இஞ்சருங்கோ, ஒருக்கா இருமுங்கோப்பா." நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருமத்தான் வேண்டும் என்று எனக்கு விளங்கியது. ஆனால் கைகள் தலையணைக்குப் போகவில்லை. அன்று பின்னேரம் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த அப்பிள்களும், அவர்கள் சொன்ன மூன்று சாவுகளும் தலைமாட்டில் இருந்தன.

அடுத்த நாள் மதியம், ஆட்களைப் பார்க்க விடுகிற மணி அடித்ததும் மச்சாள் வந்தார். வெறுங்கை. மனைவி பின்னால் கஞ்சிப் போத்தலோடு.

"தம்பி, உமக்கு இழுப்பு இருக்கோ?"

"இல்லை மச்சாள்" என்று மெல்லச் சொன்னேன். தெரிந்துகொண்டே கேட்டார்.

கட்டிலில் இருந்தார். தலையணையை எடுத்து என் வயிற்றில் வைத்து, என் இரண்டு கைகளையும் பிடித்து அதன்மேல் வைத்தார். "இதை விடாதையும். விட்டீரெண்டால் நான் பொறுப்பில்லை. இண்டைக்குக் காலமை உம்மடை வீட்டிலை உம்மடை செத்தவீடு நடந்தது."

இந்த இடத்தில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒட்டுசுட்டானில் இருந்தார். அவருடைய வயலுக்கு யானை வராமல் மின்சார வேலி அடித்திருந்தது. வாகனம் போக வர அதில் ஒரு வழி. கம்பியின் கொளுக்கியைக் கழட்டி உள்ளே போய், திரும்பி வந்ததும் மாட்டிவிட வேண்டும். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் நான் அங்கே நெல் ஏற்றப் போய் வந்த அன்றே யானைகள் புகுந்து, மிச்சம் வெட்டாமல் நின்ற வயலை உழக்கிவிட்டன. கொளுக்கி கழன்று கிடந்ததாம். நான்தான் மாட்டாமல் வந்தேன் என்று பெரியப்பா எல்லோருக்கும் சொன்னார், என்னோடு கதைப்பதையும் விட்டார். நான் மாட்டினேன். மாட்டி, இழுத்துப் பார்த்தேன். ஆனாலும் நான் என்னையே நம்பாதவன். இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தக் கொளுக்கியை மனதுக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன்.

மச்சாள் சொன்ன கதை இது. என் மச்சான், மனைவியின் தம்பி, என்னுடைய மெசினை எடுத்துக்கொண்டு போய், எங்கேயோ செத்தவீட்டுக்குக் கொடுத்த வாடகைக் கதிரைகளையும் பந்தலையும் திரும்ப ஏற்றி வந்திருக்கிறான். எங்கள் வாசலில் டயருக்குக் காற்றுப் போய்விட்டது. ஏற்றியதை இறக்கிவைத்துவிட்டு இரவல் டயர் தேட அவன் போய்விட்டான். கதிரைகள், வெள்ளைத் துணி, இரண்டு வாழை, எல்லாம் எங்கள் படலையடியில். அந்த நேரம் பார்த்து, எனக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்ட பெரியப்பா முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்.

"வந்தவர் கதிரையைப் பாத்தார். பந்தலைப் பாத்தார். கையிலை இருந்த அப்பிள் பையைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, மண்ணிலை விழுந்து நெஞ்சிலை அடிக்கிறார். 'ஐயோ என்ரை ராசா! என்ரை தங்கமே! கொளுக்கியை நீ கழட்டேல்லையடா! மாடு கொண்டுபோக நான்தானடா கழட்டினனான்! உன்னிலை பழியைப் போட்டு உன்னைக் கொன்றுபோட்டனே!'"

மச்சாள் பெரியப்பாவின் குரலிலேயே, ஆனால் அரிசி நிறுக்கும் முகத்தோடு சொன்னார். எனக்குத் தொண்டைக்குள் ஏதோ ஏறியது. தலையணையை அமத்தினேன்.

"உம்மடை மனிசி கையிலை அகப்பையோடை ஓடிவாறாள். 'மாமா, ஏன் அழுறியள்? அவர் இருக்கிறார். நேற்றுக் கஞ்சி கேட்டவர்.' பெரியப்பா அழுகையை நிப்பாட்டினார். 'ஆர் கஞ்சி கேட்டது?' 'உங்கடை பெறாமகன்தான்.' ஆள் எழும்பினார். வேட்டியிலை மண்ணைத் தட்டினார். ஓடிப்போய் அப்பிளைப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டு வந்து இவளின்ரை காதுக்குள்ளை சொல்லுறார்: 'பிள்ளை, அவன் உயிரோடை இருக்கிறதெண்டால், அந்தக் கொளுக்கிக் கதையை அவனிட்டைச் சொல்லிப்போடாதை.'"

வயிற்றின் அடியிலிருந்து வந்தது அது. இரண்டு வருடமாக அங்கே கிடந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன், நோவில் கத்தினேன், கத்திக்கொண்டே சிரித்தேன். சிரிப்பு இருமலாக மாறி நெஞ்சின் அடிவரை போய் எதையோ பிடுங்கியது. மனைவி துப்புகிற பேசினைக் கொண்டு ஓடிவந்தாள். பச்சையாக, கட்டியாகச் சளி.

"மச்சாள், தையல் விட்டிட்டுது! எல்லாம் விட்டிட்டுது!"

பக்கத்துக் கட்டிலில் முல்லைத்தீவிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர், முதல்நாள்தான் அவருக்கும் வெட்டியது, தன் தலையணையைத் தேடிக்கொண்டு கெஞ்சினார். "தங்கச்சி, அல்லாவுக்காக இந்தப் பக்கம் திரும்பாதீங்க. நான் கேக்கல்ல. நான் ஒண்டும் கேக்கல்ல."

தாதி ஓடிவந்தார். மச்சாளை ஏசியபடியே பிளாஸ்ரரை உயர்த்திப் பார்த்தார். ஒரு நூலும் விடவில்லை. பேசினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இண்டைக்குத்தான் நீங்கள் உண்மையா இருமியிருக்கிறியள்."

மச்சாள் அப்போதும் சிரிக்கவில்லை. "மிஸ், இவருக்கு ஒரு நாளைக்கு எத்தினைதரம்?" என்று கேட்டார். மணிக்கொருதரம் என்றார் தாதி. "நீங்கள் ரெண்டு நேரம்தானே எங்களை விடுறியள்" என்று மச்சாள் நியாயம் கேட்டார். பிறகு என்னிடம், "மிச்ச நேரத்துக்குப் பெரியப்பா அப்பிள் பொறுக்கினதை நினைச்சுக்கொள்ளும்" என்று சொல்லி, சேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை வெடிக்காத தையல் மறு தடவையும் வெடிக்காது என்று துணிவும் வந்தது. மணிக்கொருதரம் தலையணையைப் பிடித்து, வேட்டியில் மண் தட்டுகிற பெரியப்பாவை நினைப்பேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு என் கை தலையணைக்குப் போவதைக் கண்டாலே தொடங்கிவிடும். அடுத்த நாள் காய்ச்சல் இறங்கியது. யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிற கதை நின்றது. அதிலிருந்து நாலாம் நாள் டொக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் காத்து நல்லாப் போகுது" என்றார். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். எனக்குச் சொல்ல வெட்கம். இருமினேன் என்றேன். மருந்தும் வேலை செய்ததுதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மருந்து போக வழிவிட்டது எது என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தபின் பெரியப்பாவும் வந்து பார்த்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். கொளுக்கியைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாகும்வரை என்னோடு நன்றாகக் கதைத்தார்.

போன மாதம், மழை விட்ட ஒரு பின்னேரம், நானும் மனைவியும் முற்றத்தில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தோம். அந்தக் கதை எப்படியோ வந்தது. வெறும் கதிரைகளைக் கண்டு அழுவதற்குப் பெரியப்பா என்ன விசரனா என்று நான் சிரித்தேன்.

மனைவி உடைத்த கச்சானைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கதிரையைக் கண்டு அழேல்லை. அக்காவைக் கண்டுதான் அழுதவர்."

"எந்த அக்கா?"

"எங்கடை அக்காதான். அவா அவருக்கு முதலே வந்திட்டா. படலையடியிலை கதிரையும் பந்தலும் கிடக்கிறதைக் கண்டிட்டு, உள்ளுக்கு வர ஏலாமல் ஒழுங்கை மதகின்ரை சீமெந்துக் கட்டிலை இருந்திட்டா. சேலைத் தலைப்பை வாய்க்குள்ளை வைச்சு அழுதுகொண்டிருந்தவா. மாமா வந்து 'என்ன பிள்ளை?' எண்டு கேக்க, கையைக் காட்டத்தான் முடிஞ்சுது. நான் ரெண்டு பேரையும்தான் எழுப்பிக்கொண்டு வந்தனான். அக்காவுக்குத் தண்ணி பருக்கி, முகம் கழுவிவிட்டு, பேந்துதான் ரெண்டு பேரும் ஆசுப்பத்திரிக்கு வந்தனாங்கள்."

"அப்ப ஏன் அதை எனக்குச் சொல்லேல்லை?"

"பஸ்ஸுக்குள்ளை நானும் கேட்டனான். அந்தப் பகுதியிலை சிரிக்க ஒண்டும் இல்லையாம்."

கச்சான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். கனடாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே விடிந்திருந்தது. மச்சாளே எடுத்தார்.

"மச்சாள், அண்டைக்கு மதகுக் கட்டிலை இருந்து அழுதனீங்களாமே?"

அந்தப் பக்கம் ஏதோ தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஓமடா தம்பி" என்றார் பிறகு, அதே அரிசி நிறுக்கும் குரலில். "சீமெந்துக் கட்டெல்லோ. வெயிலுக்குச் சுட்டுப்போட்டுது."

முதல் பஸ் வருகிற காலை ஏழு மணிக்கு எந்த மதகும் சுடுவதில்லை. நான் அதை அவருக்குச் சொல்லவில்லை. சிரித்தேன். மச்சாள் அந்தச் சத்தத்தைக் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.